கீழே இறங்காத கார்: கித்துல்கலை ஏற்றத்தில் கேட்ட சத்தம்

இன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குச் சற்று முன்னர், ஹட்டனில் லேத் பட்டறை வைத்திருக்கும் ரவீந்திரன் தொலைபேசியில் இரண்டு விஷயங்களை உறுதிப்படுத்தினார். ஒன்று, செல்வத்தின் மொரிஸ் மைனர் காரில் மூன்றாவது பிஸ்டன் உடைந்திருக்கிறது. பிஸ்டன் வளையங்களுக்கு நடுவில் இருக்கும் கரையில் ஒரு விரல்நகம் அளவு துண்டு இல்லை. இரண்டு, எஞ்சினை மேலிருந்து மூடும் ஹெட் இருக்கவேண்டிய தடிப்பில் இல்லை. என்றோ, யாரோ அதன் அடிப்பக்கத்தைச் சீவிக் குறைத்திருக்கிறார்கள். இரண்டையும் அவரே அளந்து பார்த்திருக்கிறார். பிஸ்டனின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

ஆக, ஒரு வாரமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த சத்தத்தின் காரணம் இதுதான். தெரிந்துகொண்டதால் இப்போதைக்கு யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இதை வட்டகொடையிலிருந்து எழுதுகிறேன். செல்வம் என் மனைவியின் தம்பி. இங்கே ஒரு தோட்டத்தில் இருபது வருடங்களாகக் கொழுந்து லொறி ஓட்டியவன். மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிற டீசல் லொறி. போன தீபாவளியோடு அந்த வேலையை விட்டான். கையில் வந்த சேமலாபப் பணத்தில் நுவரெலியாவில் இந்தக் காரை வாங்கினான். பழைய ஸ்ரீ இலக்கத் தகடு, வெண்ணெய் நிறம், கதவில் கொஞ்சம் துரு. சுற்றுலா வருகிறவர்களுக்கு ஓட்டுவது அவன் திட்டம்.

திட்டம் வெறும் கனவல்ல. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், கித்துல்கலையில் படகு விட்டு முடித்த விருந்தினர்களைப் பழைய காரில் மேலே ஏற்றிவர ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் சீசன் முழுவதும் தினமும் ஓட்டம். ஒரே நிபந்தனை: ஹோட்டலின் போக்குவரத்துப் பொறுப்பாளரை உட்காரவைத்து, கித்துல்கலையிலிருந்து ஒருமுறை ஏற்றிக் காட்ட வேண்டும். அந்த ஒரு ஏற்றத்தில்தான் செல்வத்தின் வருடம் தொங்கிக்கொண்டிருக்கிறது. லொறிக்குத் தோட்டத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

என்னை அழைத்தது அவன்தான். "மச்சான், ஏத்தத்துல வண்டி ஒரு மாதிரி கிணுகிணுங்குது. நீங்கதான் ஊர் ஊராப் போயி விசாரிக்கிறவங்களாச்சே, இது எங்கருந்து வருதுன்னு வந்து விசாரிங்க" என்றான். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் விசாரணை இது. பழைய காரில் இந்தப் பாதையில் ஏற நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் போன வாரம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து காலை ஆறேகாலுக்குப் புறப்பட்ட ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். அவிசாவளை தாண்டிக் கித்துல்கலையில் இறங்கியபோது ஒன்பதரை. தூரம் தொண்ணூறு கிலோமீட்டர் சுமார். ஆற்றோரக் கடையொன்றின் வாசலில் செல்வம் காரைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். பின் இருக்கையில் இரண்டு அரிசி மூட்டைகள். விருந்தினரின் எடைக்கு ஈடாம்.

கித்துல்கலை கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; வெக்கை. அங்கிருந்து கினிகத்தேனைக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவு. கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் செல்வம் எக்ஸிலேட்டரைக் காலால் முழுதாக அழுத்தினான். சத்தம் வந்தது. தகர டப்பாவுக்குள் யாரோ குண்டுமணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல, முன்பக்கத்திலிருந்து, சீராக. காலை அவன் சற்று எடுத்ததும் நின்றது. மறுபடி அழுத்தியதும் வந்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டுச்சு. எவ்வளவு நாளா?"

"வாங்கி முதல் தடவ கீழ வந்தப்பவே இருந்துச்சு. நான் ஒண்ணும் பெருசா நெனைக்கல. லொறியும் ஏத்தத்துல இப்பிடித்தான் பேசும். பேசுனா நல்லா இழுக்குதுன்னு அர்த்தம்."

அவன் இன்னும் டொப் கியரில்தான் இருந்தான். வேகமுள் இருபத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கியரைக் குறைக்கலாமே என்றேன். "எதுக்கு மச்சான், அதான் இழுக்குதே" என்றான். அந்தப் பதிலின் எடை அன்று எனக்குத் தெரியவில்லை. கார்களைப் பற்றி எனக்கு ஒரு பயணிக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

கினிகத்தேனையில் தேநீர் குடித்தோம். வட்டவளை தாண்டும்போது சத்தம் குறைந்ததைக் கவனித்தேன். ஹட்டனுக்குள் நுழையும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால்தான் கேட்டது. தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா ஏற்றத்தில் அறவே இல்லை. பிற்பகல் மூன்று மணி, பனிமூட்டம், ஆறாயிரம் அடி உயரம். கார் பூனைபோல ஏறியது. செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தான். "குளிருக்கு வாயை மூடிக்கிச்சு."

மறுநாள் நுவரெலியாவில் நிமல் பாஸ் என்ற மெக்கானிக்கிடம் போனோம். பழைய பிரித்தானியக் கார்களைப் பார்ப்பதில் பெயர் எடுத்தவர். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுகிறார். காரை அவரே எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கமாக ஒரு சுற்று, மேட்டுத் தெருவில் ஒரு சுற்று போனார். இறங்கியதும் கையை விரித்தார்.

"எங்க மாத்தயா சத்தம்? கித்துல்கலையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"கீழ வந்தா கேக்கும் பாஸ்" என்றான் செல்வம்.

"கீழ வந்தா எனக்குக் கொழும்பு வெயில்தான் கேக்கும்."

இருந்தும் வேலையைக் குறைவாகச் செய்யவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றினார். எஞ்சினின் அழுத்தத்தை அளந்தார். பிஸ்டன்கள் ஓடும் நான்கு உருளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. கார்க் கையேட்டில் போட்டிருக்கும் அளவோடு அது சரியாக ஒத்துப்போயிற்று. "புது எஞ்சின் மாதிரி" என்றார். பிறகு இந்த ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தார்: காற்று மெலிந்த மலையில் இழுவை குறையக்கூடாது என்று பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார். டைமிங் வைப்பது என்று சொல்வார்கள். மேட்டுத் தெருவில் கார் முன்னைவிட நன்றாகப் பாய்ந்தது. நாங்கள் மூவரும் திருப்தியாக இருந்தோம்.

பிளக்குகளைத் திருப்பிப் போடுவதற்கு முன் செல்வம் அவற்றைக் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தான். அவன் தேய்க்குமுன் மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனை அளவு வெள்ளிப் புள்ளிகள் இருந்ததை நான் பார்த்தேன். என்ன இது என்று கேட்டேன். "தூசி மச்சான்" என்றான். அது தூசியல்ல, பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம் என்று நேற்று ரவீந்திரன் சொன்னார்.

வியாழக்கிழமை ஹோட்டலின் போக்குவரத்துப் பொறுப்பாளர் வந்தார். பெயர் வேண்டாம், நாற்பது வயது மதிக்கத்தக்க, நல்ல சட்டை போட்ட, நியாயமான மனிதர். கித்துல்கலையில் ஏறி முன் இருக்கையில் அமர்ந்தார். நான் பின்னால் இருந்தேன். நிமல் பாஸின் கைங்கரியத்தில் இந்தமுறை இரண்டாவது வளைவிலேயே தொடங்கிவிட்டது. குண்டுமணிச் சத்தம் இல்லை இது. சுத்தியலால் சிறிய பட்டறைக்கல்லில் தட்டுகிற சத்தம்.

"என்னங்க அது?" என்று கேட்டார்.

"இழுக்குற சத்தம் சார்."

"விருந்தாளிங்க கேப்பாங்களே."

"பழகிடும் சார்."

அவர் சிரிக்கவில்லை. கினிகத்தேனையில் இறங்கி, செல்வத்தை விட்டுத் தள்ளி என்னிடம் வந்தார். "ஐயா, எனக்கு வண்டி புடிச்சிருக்கு. ஆனா இந்தச் சத்தத்தோட ஆளுங்கள ஏத்த முடியாது. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். பிறகு ஹட்டன் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். எங்கள் காரில் மிச்ச வழியும் வரலாம் என்று செல்வம் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். செல்வத்தின் மனைவி சாந்தி, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, சம்பளம் குடுத்த லொறிய விட்டுட்டு, சங்கீதம் பாடுற கார வாங்கியிருக்காரு உங்க மச்சான்."

"அடியே, ஏப்ரல்ல பாரு."

"ஏப்ரல்ல பாக்குறேன். மே மாசத்துக்கு என்ன பாடும்னும் கேட்டு வச்சுக்கங்க."

செல்வம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் இருக்கும் வீடு தோட்டத்து வீடு. இப்போது அது அவள் வேலையின் பேரில்தான் நிற்கிறது.

வெள்ளி, சனி இரண்டு நாட்களும் ஒவ்வொரு காரணமாக விலக்கிப் பார்த்தோம். டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தோம். சத்தம் பாதியாயிற்று, இழுவையும் பாதியாயிற்று. 92 ஒக்டேன் பெற்றோலை வடித்துவிட்டு 95 போட்டோம், இன்னும் குறைந்தது. 95 இந்தப் பக்கத்தில் எல்லாப் பெற்றோல் ஷெட்டிலும் கிடைப்பதில்லை, ஹட்டனில் கேட்டு நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். ரேடியேட்டரைக் கழுவினோம். கார்புரேட்டரில் காற்று கசிகிறதா என்று பார்த்தோம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கித்துல்கலைக்கு இறங்கி, அரிசி மூட்டைகளோடு, முழு அழுத்தத்தில் ஏறிக் கேட்டோம். ஏறி, கேட்டு, திரும்பி இறங்கி, மறுபடி ஏறி. சத்தம் எங்கே என்று தெரிந்துகொள்வதற்காகச் சத்தத்தை நாங்களே வரவழைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஏற்றத்திலும் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது இப்போது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசி ஓட்டம். பாதை காலியாக இருந்தது. நாலாவது வளைவில் மெல்லிதாகத் தொடங்கியது. செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுக்காமல் போனான். ஐந்தாவது வளைவு. ஆறாவது வளைவின் நடுவில் சத்தம் நின்றது.

காலை எடுக்கவில்லை. கியர் மாற்றவில்லை. சத்தம் மட்டும் இல்லை.

"போச்சு!" என்று கத்தினான். ஸ்டியரிங்கில் அடித்தான். "போச்சு மச்சான், சத்தம் போச்சு! நான் சொல்லல? 95 போட்டா சரியாயிரும்னு சொல்லல?" ஒரு கையால் பையிலிருந்து போனை எடுத்துச் சாந்திக்கு அடித்தான். "கேளு, கேளு, இப்ப கேளு" என்று போனை டேஷ்போர்டில் வைத்தான். அவளுக்கு என்ன கேட்டதோ தெரியாது. "நல்லாருக்குங்க, பாத்து வாங்க" என்றாள். அவள் குரலில் நான் அந்த வாரத்தில் முதன்முறையாகச் சந்தோஷத்தைக் கேட்டேன்.

நான் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தேன். பாதை தெரியவில்லை. நீலப் புகை.

உடைந்த துண்டு பிரிந்த நொடி அது. மூன்றாவது உருளையில் அழுத்தமே இல்லாமல் போனதால் சத்தம் போடுவதற்கும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. இது ரவீந்திரனின் விளக்கம். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கார் மூன்று காலில் நொண்டுகிறது என்பதுதான். கினிகத்தேனை வரை தள்ளாடி வந்தோம். அங்கிருந்து ஹட்டனுக்கு ஒரு சிறிய லொறியில் ஏற்றினோம். இருபத்துநாலு கிலோமீட்டர், ஒன்பதாயிரம் ரூபா. லொறிக்காரர் செல்வத்துக்குத் தெரிந்தவர். வழியெல்லாம் அவர்தான் பேசினார்.

நேற்று ரவீந்திரன் ஹெட்டைக் கழற்றினார். முப்பத்தைந்து வயதிருக்கும், நக்கல் பேர்வழி. மேசையில் ஹெட்டைக் கவிழ்த்து அளவுகோலை வைத்தவர் விசிலடித்தார்.

"அண்ணே, இந்தக் காரை யார்கிட்ட வாங்குனீங்க?"

நுவரெலியாவில், ஒரு தோட்டத்து அதிகாரி வைத்திருந்தது என்றான் செல்வம். விற்றவர் பெருமையாகச் சொன்னதையும் சொன்னான்: மலையை விட்டுக் கீழே இறங்காத கார்.

"அதான். கீழ இறங்கக் கூடாத கார்னு சொல்ல மறந்துட்டாரு."

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆறாயிரம் அடியில் காற்று மெலிவு, எஞ்சினுக்குப் பலம் குறையும். நுவரெலியாவிலேயே ஓடப்போகும் காருக்கு ஹெட்டைச் சீவினால், உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றையும் இன்னும் இறுக்கி அழுத்தும். போன பலம் திரும்பும். அங்கே சிலர் அப்படிச் செய்துகொள்வார்களாம். அந்தக் காரைக் காற்று அடர்ந்த கித்துல்கலைக்குக் கொண்டுபோனால் அழுத்தம் அளவுக்கு மீறிப் போகிறது. பெற்றோல் பொறிக்குக் காத்திருக்காமல் தானே வெடிக்கிறது. அந்த வெடிப்புத்தான் சத்தம். நிமல் பாஸ் அளந்தது பிழையில்லை. ஆனால் கையேட்டின் அளவு சமதரைக்கு உரியது. அது நுவரெலியாவில் வந்தால் சரியான அளவல்ல, மிகையான அளவு.

பிறகு ரவீந்திரன் பிஸ்டனைப் பார்த்துவிட்டுச் செல்வத்தைப் பார்த்தார்.

"நீங்க முன்ன டீசலா ஓட்டுனீங்க?"

"கொழுந்து லொறி. இருபது வருசம்."

"ஏத்தத்துல கியர் குறைக்கவே மாட்டீங்களே?"

"லோடோட மூச்சுப் புடிச்சு ஏத்துறதுதான்பா ஓட்டு. சும்மா சும்மா கியர் போடுறவன லொறிக்காரன்னே சொல்ல மாட்டாங்க."

"டீசல் பொறந்ததுலருந்து கத்திக்கிட்டேதான் கெடக்கும்ணே. இது அப்பிடி இல்ல. இது கத்துச்சுன்னா உள்ள அடி வாங்குதுன்னு அர்த்தம். செகண்ட்ல போட்டு ஏத்தியிருந்தா பாதி அடி விழுந்திருக்காது."

செல்வம் கையை நீட்டினான். உடைந்த பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தான். அதன் தலையில் எலி கடித்ததுபோல் விளிம்பெல்லாம் அரித்திருந்தது. "இவ்வளவு நாளா நல்லா இழுக்குதுன்னு நெனச்சேன்" என்றான், பிஸ்டனிடம்.

இந்தப் பாதையில் பழைய காரோடு வரப்போகிறவர்களுக்கு, இந்த வாரம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இவ்வளவு. மலையில் கார் வாங்கினால் மலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பாதையின் மிகத் தாழ்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், பாரத்தோடு ஏற்றிப் பாருங்கள். அழுத்தத்தை அளந்தால் எந்த ஊரில் அளந்தது என்று கேளுங்கள். பிளக்கைத் தேய்ப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஏற்றத்தில் கிணுகிணுப்புக் கேட்டால் உடனே காலை எடுங்கள், கியரைக் குறையுங்கள். ஒருமுறை கேட்டால் போதும், உறுதிப்படுத்த மறுபடி ஏற வேண்டாம். செய்தியை இரண்டு பேரிடம் உறுதிப்படுத்தி எழுதிப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தை ஒரு எஞ்சினிடம் காட்டினேன்.

ஞாயிறு இரவு தங்குவதற்கு ஹட்டனில் சுத்தமான அறை நாலாயிரத்து ஐநூறு ரூபாவுக்குக் கிடைத்தது, வெந்நீர் காலையில் மட்டும். கினிகத்தேனைக்கு மேலே பிற்பகலில் பனி இறங்கிவிடுகிறது, மதியத்துக்குள் தாண்டிவிடுங்கள். பாதை அழகாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் ஒரு வாரமாகப் பொனட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நிலுவையில் உள்ளவை. பழைய அளவில் ஒரு பிஸ்டன் தொகுதி குருநாகலில் இருப்பதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். வியாழக்கிழமை மாலை ஹட்டன் பஸ்ஸில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். பணம் இன்னும் கேட்கவில்லை, அதனால் அதை உறுதியான செய்தியாக நான் எழுத மாட்டேன். ஹெட்டில் சீவி எடுத்த உலோகத்துக்கு ஈடாக, அதன் கீழே வைக்க ஒரு செம்புத் தகட்டை ரவீந்திரனே வெட்டுகிறார். வெள்ளிக்கிழமை மதியம் என்கிறார். ஹோட்டல் பொறுப்பாளரோடு ஏற்றம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அன்று கார் இல்லையென்றால் சீசனுக்கு ஒரு வான் வண்டி பிடித்துவிடுவதாக நேற்று மாலை செய்தி அனுப்பியிருக்கிறார். மன்னிப்பும் கேட்டிருக்கிறார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. உடைந்த துண்டு உருளையின் சுவரைக் கீறியிருக்கிறதா என்பது இன்னும் தெரியாது. கீறியிருந்தால் பிஸ்டனும் தகடும் வந்தும் பயனில்லை. எஞ்சினையே வெளியே எடுத்துக் கடைய வேண்டும், அது மாதக்கணக்கு வேலை. ரவீந்திரன் நாளை காலை பதினொரு மணிக்குள் அளந்து சொல்வார். அழைப்பு செல்வத்துக்கு வராது, எனக்குத்தான் வரும். அப்படிச் செய்யும்படி ரவீந்திரனிடம் செல்வம்தான் கேட்டுக்கொண்டான்.